மூன்று நாள் ஈரம்

ஓசூரில் வெங்கட்டைத் தெரியாதவர்கள்கூட அவருடைய காரை அறிவார்கள். பொத்தானை அழுத்தினால் கூரை தானாக மடிந்து பின்னால் போய் ஒளிந்துகொள்ளும் நீலநிற வெளிநாட்டுக் கார். கங்கப்பன் அதை ஒருமுறை ராயக்கோட்டை ரோடு சிக்னலில் பார்த்திருக்கிறார். பச்சை விழுந்தும் ஸ்கூட்டரை எடுக்க மறந்து நின்று, பின்னால் இருந்த லாரிக்காரனிடம் கன்னடத்தில் நல்ல வசவு வாங்கிக்கொண்டார். அதில் அவருக்கு வருத்தமே இல்லை.

அப்படிப்பட்ட காரின் சொந்தக்காரர், புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஜூஜுவாடி நெடுஞ்சாலை ஓரத்துத் தகரக் கொட்டகை முன்னால் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். வேட்டியில் சேறு தெறித்திருந்தது. அதைக்கூடத் தட்டிவிடாமல் உள்ளே வந்து நின்றார்.

"மெஹ்னாஸ் மேடம் நீங்கதானே? பெங்களூருல ரிப்பேருக்குப் பதினொன்றரை லட்சம் கேக்குறாங்க. அது போனாப் போவுது. எனக்கு அதவிடப் பெரிய வேலை ஒண்ணு இருக்குது. என் வண்டிய யாரு கெடுக்குறாங்கன்னு நீங்க சொல்லணும்."

மெஹ்னாஸ் கையிலிருந்த ஒயரை வைத்துவிட்டு ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். முப்பத்தாறு வயது. கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் தொழிற்சாலையில் பதினோரு வருடம் சோதனை மேசையில் நின்றவர். மூன்று வருடம் முன்பு வேலையை விட்டு இந்தக் கொட்டகையைப் போட்டார். கங்கப்பன் லாரித் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் அசெம்பிளி லைனில் நின்று ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் ஒருநாள் ஸ்கூட்டர் ஹாரனைச் சரிசெய்ய இங்கே வந்தார், பிறகு போகவே இல்லை. சம்பளம் என்று எதுவும் கிடையாது. மெஹ்னாஸ் ஒரு பழுதைக் கண்டுபிடிக்கிறபோது பக்கத்தில் நிற்கலாம் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"உக்காருங்க சார். எப்போ கெட்டுச்சுன்னு அப்புறம் சொல்லலாம். எப்போ நல்லா இருந்துச்சு?"

வெங்கட் திகைத்தார். வந்தவர்கள் எல்லாரும் இந்தக் கேள்வியில் திகைப்பார்கள் என்பதால் கங்கப்பன் பெருமையோடு மீசையைத் தடவிக்கொண்டார்.

"நடுவுல எல்லாம் நல்லாத்தான் இருக்குது. அதுதான் எரிச்சல். திடீர்னு ஒருநாள் கூரை பாதியில நின்னுரும். ஹாரன் தானா அடிக்கும். ஒருதரம் கிருஷ்ணகிரி டோல்கேட்ல, நல்ல மழையில, கண்ணாடி நாலும் தானா இறங்கிப்போச்சு. பெங்களூருக்கு ஏத்தி அனுப்பினா, அங்க போய்ச் சேர்றதுக்குள்ள சரியாயிடுது. கம்ப்யூட்டர மாட்டிப் பாத்துட்டு, டிக்கியில இருக்குற கன்ட்ரோல் பெட்டிக்குள்ள ஈரம் போயிருக்குது, பெட்டி, ஒயர் எல்லாத்தையும் மாத்தணும்னு எழுதிக் குடுத்துட்டாங்க. யாரோ ஊத்தியிருக்கலாம்னும் ஒருத்தர் சொன்னாரு."

"எந்தெந்த நாள்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

வெங்கட் போனைப் பார்த்து வாசித்தார். ஜூன் இருபத்தாறு. ஜூலை இருபத்தைந்து. ஆகஸ்ட் இருபத்து நான்கு. கடைசியாக நேற்று முன்தினம், திங்கட்கிழமை, செப்டம்பர் இருபத்திரண்டு. மெஹ்னாஸ் தேதிகளை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

"ஆளும் அகப்பட்டுட்டான் மேடம்," என்றார் வெங்கட். குரல் இறங்கியது. "என் டிரைவர் தமிழரசன். இன்னிக்குக் காலையில டிக்கியத் திறந்து வெச்சுக்கிட்டு எதையோ தேய்ச்சுக்கிட்டு இருந்தான். போய்ப் பாத்தா விரிப்பு பூரா ரத்தச் சிவப்பு. கையும் சிவப்பு. ஏதோ கெமிக்கல ஊத்தியிருக்கான். அத்திப்பள்ளியில ஒரு டிராவல்ஸ்காரன் அவனக் கூப்புட்டுக்கிட்டே இருக்கான்னு எனக்கும் தெரியும். என் வண்டி படுத்துட்டா இவன இழுத்துக்கலாம்னு அவன்தான் காசு குடுத்துச் செய்யச் சொல்லியிருப்பான். சாயங்காலம் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன்." சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். மடித்த தாள் ஒன்று அங்கே இருந்தது.

"எழுதிக் குடுத்தா அவருக்கு ஓசூர்ல யாரும் சாவி குடுக்க மாட்டாங்க சார்."

"தெரியும். ஏழு வருஷமா இருக்கான். எனக்கு மட்டும் சந்தோஷமா?"

பாகலூர் ரோட்டில் ரோஜாக் கொட்டகைகளைத் தாண்டி வெங்கட்டின் வீடு. வாசலில் கார் நின்றது. கூரை பாதி எழும்பி, பாதி மடிந்து, காற்றில் சிக்கிய குடையைப் போல இருந்தது. கங்கப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் அருகே போனார். அந்த இரும்புக் கைகளையும், அவை ஒன்றுக்குள் ஒன்று மடங்கியிருக்கிற நேர்த்தியையும் குனிந்து பார்க்கப் பார்க்க அவருக்கு மூச்சு அடைத்தது. மனிதன் எதையெல்லாம் யோசித்துச் செய்திருக்கிறான்! நான் முப்பத்தோரு வருடம் போல்ட் முடுக்கினேன், இப்படி ஒன்று இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே என்று ஆற்றாமையாகவும் இருந்தது.

கேட்டுக்குப் பக்கத்தில், கைகளைத் தொடைக்கு நடுவில் மறைத்துக்கொண்டு, தமிழரசன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். வாசற்படியில் வெங்கட்டின் அம்மா சரோஜம்மாள் நின்றிருந்தார். மகனைப் பார்த்ததும் தெலுங்கில் ஏதோ சொல்லிக் கையை ஆட்டினார். பிறகு வந்தவர்களிடம் தமிழிலேயே சொன்னார்: "அந்தப் பையன் அப்படிப்பட்டவன் இல்லம்மா. நீயாச்சும் சொல்லு."

மெஹ்னாஸ் தமிழரசனிடம் போய்க் குந்தி உட்கார்ந்தார். "நடந்ததச் சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை நான் நாகரசம்பட்டியில இருந்தேங்க்கா. எங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்ல. மாசம் ஒருநாள் ஊருக்குப் போய்ப் படைச்சுட்டு வருவேன். திங்கக்கிழமை வந்து வண்டிய எடுத்தேன், கூரை பாதியில நின்னுருச்சு. இன்னிக்குக் காலையில டிக்கியில கைய வெச்சா விரிப்பு ஈரம். சரி, நாறிடப்போவுதுன்னு சோப்புத்தூளப் போட்டுத் தேய்ச்சேன். தேய்க்கத் தேய்க்கச் செவப்பாவுது. அதுக்குள்ள சார் வந்துட்டாரு."

"தேய்க்கிறதுக்கு முன்னாடி சிவப்பா இருந்துச்சா?"

"இல்லீங்க்கா. விரிப்பே சந்தனக் கலரு. அதுல எதுவும் தெரியல."

"நீங்க ஊருக்குப் போறப்ப சாவி?"

"சாமி ரூம்ல ஆணியில மாட்டிட்டுப் போவேன். எல்லாருக்கும் தெரியும்."

கங்கப்பனுக்கு அதற்குள் ஒரு துப்புக் கிடைத்துவிட்டது. மெஹ்னாஸை ஓரமாகக் கூப்பிட்டுக் காதில் சொன்னார்: "தேதியப் பாத்தீங்களா? எல்லாமே மாசக் கடைசி. சம்பளம் தீந்துபோற நேரம். காசு இல்லாம அத்திப்பள்ளிக்காரன்கிட்டக் கை நீட்டியிருக்கான்."

"சம்பளம் வருஷம் பூரா ஒரே தேதியிலதாண்ணா தீரும். இது இருபத்தாறு, இருபத்தஞ்சு, இருபத்துநாலு, இருபத்திரெண்டுன்னு முன்னால நகந்துக்கிட்டே போவுதே."

துப்பு அங்கேயே செத்தது. கங்கப்பன் மனம் தளரவில்லை. "அப்போ மழைத்தண்ணி. கூரை மடியிற பள்ளத்துல தண்ணி வடியக் குழாய் இருக்கும். ரோஜா இதழ் விழுந்து அடைச்சிருக்கும். எத்தனை ரோஜா பாருங்க சுத்தி!"

"அது நல்ல யோசனை," என்றார் மெஹ்னாஸ். கங்கப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பேட்டரியின் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தோட்டத்துக் குழாயைக் கொண்டுவந்து பள்ளத்தில் கால் மணி நேரம் தண்ணீர் விட்டார்கள். அத்தனையும் இரண்டு பக்கமும் சக்கரத்துக்குப் பின்னால் தரையில் கொட்டியது. டிக்கிக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. கங்கப்பனின் இரண்டாவது துப்பும் தண்ணீரோடு ஓடிப்போயிற்று.

"சரி. தண்ணி வெளியிலேருந்து வரல," என்று மெஹ்னாஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

டிக்கியின் இடது மூலையில் விரிப்பில் கையகலத்துக்கு ஒரு மூடி இருந்தது. முதலுதவிப் பெட்டி வைக்கிற குழி. பெட்டி எப்போதோ காணாமல் போயிருந்தது. மூடியை விரலால் இழுத்தாலே திறந்தது. குழியின் அடித்தட்டில் இரண்டு துளைகள். அதற்கு நேர் கீழே, ஒரு சாண் ஆழத்தில், கூரைக்கும் கண்ணாடிக்கும் ஹாரனுக்கும் கட்டளை கொடுக்கிற கறுப்புப் பெட்டி. அதில் செருகியிருந்த ஒயர்க் கனெக்டரின் வாயில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. மெஹ்னாஸ் டார்ச்சை அடித்தார். குழியின் தட்டில், அருகருகே, எலுமிச்சம்பழம் அளவில் இரண்டு வெள்ளை வட்டங்கள். வேறு எதுவும் இல்லை.

"பேட்டரி ஆசிடா இருக்குமோ?" என்ற கங்கப்பன், பதிலுக்குக் காத்திராமல் வட்டத்தைத் தொட்டு விரலை நாக்கில் வைத்துவிட்டார்.

"அண்ணா!"

"உப்பு," என்றார் கங்கப்பன், கண்களை அகல விரித்து. "நம்ம சோத்து உப்பு!"

"ஆசிடா இருந்திருந்தா உங்கள ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருக்கணும். இனிமே இப்படிப் பண்ணாதீங்க." கடிந்துகொண்டாலும் மெஹ்னாஸின் முகம் தெளிந்திருந்தது. மழைத்தண்ணீரில் உப்பு இல்லை. தோட்டத்துக் குழாயிலும் இல்லை.

குடிக்கத் தண்ணீர் கேட்டு வீட்டுக்குள் போனார். வெங்கட்டின் மனைவி ஹரிணி லேப்டாப்பில் அலுவலக மீட்டிங்கில் இருந்தார். காதுக் கருவியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். "அந்தக் கார வித்துத் தொலைங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது," என்றார். இவளாக இருக்குமோ என்று கங்கப்பன் உடனே உஷாரானார். மெஹ்னாஸோ சுவரில் தொங்கிய மாதக் காலண்டருக்கு முன்னால் நின்று, பால் கணக்கு எழுதியிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பின்னால் புரட்டி, ஜூன் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எல்லாரும் கொஞ்சம் வண்டிகிட்ட வர முடியுங்களா? டிரைவர் தம்பியும். அம்மா, நீங்க வர்றப்ப சமையல்கட்டுலேருந்து ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வாங்க."

ஆறு பேரும் டிக்கியைச் சுற்றி நின்றார்கள். சிவந்த விரிப்பைப் பார்க்கப் பார்க்க வெங்கட்டின் தாடை இறுகியது. மெஹ்னாஸ் பழத்தை நறுக்கி, ஒரு பாதியைச் சிவப்பின் மேல் பிழிந்தார்.

சாறு பட்ட இடத்தில் சிவப்பு மறைந்தது. அங்கே பளிச்சென்று மஞ்சள் எழுந்தது. கங்கப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"ரத்தமும் இல்ல, கெமிக்கலும் இல்ல. மஞ்சள்," என்றார் மெஹ்னாஸ். "மஞ்சக்கறையில சோப்புப் பட்டாச் சிவக்கும். புளிப்புப் பட்டாத் திரும்ப மஞ்சளாயிடும். இங்க இருக்குற ஆம்பளைங்கள்ல ஒருத்தர் வீட்டுல துணி துவைச்சிருந்தாலும் காலையிலேயே இந்தச் சண்டை முடிஞ்சிருக்கும்."

ஹரிணி சிரித்துவிட்டார். கங்கப்பன் வானத்தைப் பார்த்தார்.

"தம்பி சொன்னது நிஜம். அவர் தேய்க்கிறதுக்கு முன்னாடியே மஞ்சள் அங்க இருந்துச்சு. சந்தனக் கலர் விரிப்புல அது கண்ணுக்குத் தெரியல. சோப்புதான் காட்டிக் குடுத்துச்சு. ஆக, யாரோ மஞ்சத்தண்ணியில நனைச்ச ஏதோ ஒண்ண அந்தக் குழியில வெச்சிருக்காங்க. வெக்கிறப்பவும் எடுக்கிறப்பவும் விரிப்புல சொட்டியிருக்குது. அதோட உப்பும் இருந்திருக்குது. ஈரத்துணியில உப்பு இருந்தா என்ன ஆவும்? ரெண்டு மூணு நாள் சொட்டிக்கிட்டே இருக்கும். அந்தத் தண்ணி அடித்தட்டுத் துளை வழியா நேரா கனெக்டர் மேல விழும். வெறும் தண்ணியவிட உப்புத்தண்ணியில கரண்டு நல்லாப் பாயும். ஹாரனுக்குப் போக வேண்டியது கண்ணாடிக்குப் போவும், கண்ணாடிக்குப் போக வேண்டியது கூரைக்குப் போவும். பொருள எடுத்துட்டா ஈரம் காஞ்சிரும், வண்டி சரியாயிடும். பெங்களூர்க்காரங்க பாத்தப்பல்லாம் குழி காலியா இருந்தது அதனாலதான்."

"யாரு வெச்சது?" என்றார் வெங்கட்.

"எப்போ வெச்சதுன்னு மொதல்ல பாருங்க சார். உங்க வீட்டுக் காலண்டர்ல நீங்க சொன்ன ஒவ்வொரு தேதிக்கும் ஒருநாள், ரெண்டு நாள் முன்னாடி ஒரு கறுப்பு வட்டம் போட்டிருக்குது. அமாவாசை. தமிழரசன் தம்பி அப்பா அம்மாவுக்குப் படைக்க ஊருக்குப் போறதும் அதே நாள்தான். நாலு அமாவாசைக்கும் அவர் இந்த வீட்டுலேயே இல்ல. சாவி சாமி ரூம்ல தொங்குது."

வெங்கட் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க," என்றார் ஹரிணி. "எனக்கு அமாவாசை எப்போ வருதுன்னே தெரியாது."

"கெடுக்கணும்னு நெனைக்கிறவங்க யாரும் உப்ப மஞ்சத்துணியில முடிய மாட்டாங்க சார்," என்றார் மெஹ்னாஸ். குரல் தணிந்திருந்தது. "எங்க தெருவுல புது வண்டி வந்தா ஓதித் தாயத்துக் கட்டுவாங்க. உங்க தெருவுல கண்ணு படாம இருக்க மஞ்சத்துணியில கல்லுப்பு முடிஞ்சு வெப்பாங்க. அமாவாசைக்கு வெச்சு, மூணு நாள் கழிச்சுக் காலையில எடுத்துத் தண்ணியில கரைச்சிருவாங்க. இன்னியோட மூணு நாள் ஆச்சு. சரிதானேம்மா?"

எல்லாரும் சரோஜம்மாளைப் பார்த்தார்கள். மீதிப் பாதி எலுமிச்சம்பழம் அவர் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டார்.

"எங்க போனாலும் ஊரே அந்த வண்டிய நின்னு பாக்குது," என்றார் கடைசியில். "டோல்கேட்ல பாக்குறான், சிக்னல்ல பாக்குறான்."

கங்கப்பன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டார். பச்சை விழுந்தும் அசையாமல் நின்ற அன்று தன் கண்ணும்தான் பட்டிருக்கும்.

"சொன்னா இவன் சிரிப்பான். அதான் அவனுக்குத் தெரியாத எடமாப் பாத்து வெச்சேன். உப்பு ஒயரக் கெடுக்கும்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? காலையில சொம்புத் தண்ணியில கரைச்சு முருங்கை மரத்துல ஊத்திட்டு வந்து பாத்தா, இவன் அந்தப் பையன வாசல்ல உக்கார வெச்சிருக்கான். கெமிக்கல்னு கத்துறான். கெமிக்கல்னா நான் உப்ப நெனைப்பனா?"

வெங்கட் சட்டைப்பைக்குள் இருந்த தாளை வெளியே எடுத்து, பிரிக்காமலேயே இரண்டாக, நான்காகக் கிழித்தார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் இன்னும் வெளங்கல," என்றார் மெஹ்னாஸ். கங்கப்பன் நிமிர்ந்தார். மெஹ்னாஸ் இப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. "உள்ளே ரெண்டு வட்டம் இருக்குது. கண்ணு கழிக்க ஒரு முடிச்சுப் போதுமே. ரெண்டு எதுக்கும்மா?"

சரோஜம்மாள் அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ளாதவர் போல மெஹ்னாஸைப் பார்த்தார்.

"வண்டியில ரெண்டு பேரு போறாங்கல்ல? ஒண்ணு எம் பையன் பேருல. இன்னொண்ணு ஓட்டுற பையன் பேருல." பிறகு, யாருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல, "அவனுக்கு முடிஞ்சு வெக்க வீட்டுல யாரு இருக்கா?" என்றார்.

கங்கப்பன் அன்றைக்கு எத்தனையோ அதிசயங்களைப் பார்த்துவிட்டார். இரும்பு மடங்குவதைப் பார்த்தார், சிவப்பு மஞ்சளாவதைப் பார்த்தார். இதற்கு மட்டும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்காமல் நின்றார். நான்கு மாதமாக ஒருவனைக் காக்கிறதற்கென்று இருட்டில் உட்கார்ந்திருந்த அதே உப்புதான் அவனைச் சிறைக்கு அனுப்பப் பார்த்திருக்கிறது என்பதை எந்தப் பக்கம் வைத்து அவர் யோசிப்பது என்றே தெரியவில்லை.

தமிழரசன் தலையைக் குனிந்துகொண்டான். சோப்பும் மஞ்சளும் படிந்த கைகள் இன்னும் சிவந்திருந்தன.

மூன்று மணி வரை வேலை நடந்தது. மெஹ்னாஸ் கனெக்டரைக் கழற்றி, காய்ச்சி வடித்த நீரால் உப்பைக் கழுவி, அரித்துப்போன இரண்டு பின்களை மாற்றினார். கறுப்புப் பெட்டியைத் திறந்து துடைத்தார். ஹரிணி தன் ஹேர் டிரையரைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு நின்றது கங்கப்பன். குழந்தைக்குத் தலை துவட்டுகிற கவனம் அவர் கையில் இருந்தது. கூலியும் சாமானும் சேர்த்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய் என்றதும் வெங்கட் இரண்டுமுறை கேட்டுக்கொண்டார்.

பேட்டரியை இணைத்துப் பொத்தானை அழுத்தியபோது கூரை ஒரு பெருமூச்சோடு எழுந்தது. ஒன்றன் பின் ஒன்றாக மடங்கி, சத்தமில்லாமல் பின்னால் போய் அமர்ந்தது. மேகத்தின் நடுவில் இருந்து வெயில் நேராக உள்ளே விழுந்தது. கங்கப்பன் கைதட்டிவிட்டார்.

வெங்கட் சாவியை எடுத்துக்கொண்டு தமிழரசனிடம் போனார். "தப்புப் பண்ணிட்டேன்டா," என்றார்.

தமிழரசன் சாவியை உடனே வாங்கவில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார். அந்த அக்கா வந்ததும் என்னத்தான் மொதல்ல கேட்டாங்க. ஏழு வருஷமா இருக்கேன், நீங்க கேக்கல."

வெங்கட் தலையசைத்தார். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு தமிழரசன் சாவியை வாங்கினான். காரின் பக்கம் போகாமல் வாசற்படிக்குப் போய், சரோஜம்மாளின் முன்னால் நின்று, சட்டைப்பையை விரித்துக் காட்டினான்.

"அடுத்த அமாவாசைக்கு என் முடிச்ச இதுல போட்டு விடுங்கம்மா," என்றான். "இங்க ஒயரு எதுவும் இல்ல."